பத்து வயதுக் கோடு

மலைநாட்டுச் சங்கங்கள் – 9

சென்ற வாரம் மரண உதவிச் சங்கங்களைப் பார்த்தோம். அவற்றுக்குச் சீருடை கிடையாது, கீதம் கிடையாது, கொழும்பில் தலைமையகமும் கிடையாது. லயத்துக்கு லயம் பணம் சேர்க்க ஓர் ஆள் இருப்பதால்தான் அவை நிற்கின்றன. இந்த வாரம் எடுத்துக்கொள்ளும் சங்கம் அதற்கு நேர்மாறானது. பெண் சாரணியர் இயக்கத்துக்குச் சீருடை, சின்னம், வாக்குறுதி, வணக்கம் செலுத்தும் முறை, உலக அமைப்பு எல்லாம் உண்டு. இல்லாதது லயத்தில் ஓர் ஆள்தான். அவிசாவளையிலிருந்து ஹட்டனுக்கு ஏறும் வீதியில் கினிகத்தேனை ஒரு வாசல். கடைத்தெருவைத் தாண்டிக் கிளைப் பாதைகளில் இறங்கினால் தோட்டங்கள், தோட்டத்துக்குள் டிவிசன்கள், டிவிசனுக்குள் லயங்கள். இந்தப் படிநிலையில் சாரணியம் எந்தப் படியில் நிற்கிறது என்று கேட்டால், அது தோட்டத்துக்குள் இறங்கவே இல்லை, பாடசாலை வாசலோடு நின்றுவிடுகிறது என்றுதான் சொல்லவேண்டியிருக்கிறது. முடிச்சுப் போடுவதையும் முதலுதவியையும் பாசறையையும் பற்றிப் பேசுகிறவர்கள் நிறையப் பேர். என் வாதம் வேறு. சாரணியத்தில் என்ன கற்பிக்கிறார்கள் என்பதைவிட, ஒரு பிள்ளையின் பெயர் எந்த இடத்துப் பதிவேட்டில் எழுதப்படுகிறது என்பதே இங்கே அதன் விதியைத் தீர்மானிக்கிறது.

இயக்கத்தின் வரலாறே இதற்குச் சாட்சி. 1909 செப்டெம்பரில் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் ஆண் சாரணர்களின் பெரும் கூட்டம் நடந்தபோது, அழைக்கப்படாத சிறுமிகள் சிலர் தாங்களும் சாரணர்கள்தான் என்று வந்து நின்றார்கள். அவர்களை என்ன செய்வதென்று தெரியாமல்தான் 1910இல் சாரணர் இயக்கத்தின் நிறுவனர் பேடன்-பவல் தன் தங்கை ஆக்னஸின் பொறுப்பில் தனி அமைப்பொன்றை உருவாக்கினார். ஆக, பெண் சாரணியத்தைப் பெரியவர்கள் திட்டமிட்டுத் தொடங்கவில்லை. வாசலில் வந்து நின்ற பிள்ளைகளுக்குச் சொல்லப்பட்ட பதில் அது. அடுத்து 1914இல் சின்னப் பிள்ளைகளுக்கென்று ஒரு பிரிவு வந்தது. ‘ரோஜா மொட்டுகள்’ என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். மொட்டுகளுக்கு அந்தப் பெயர் பிடிக்கவில்லை. பிரவுணீஸ் என்று மாற்ற வேண்டியதாயிற்று. இந்தியாவில் 1911இல் ஜபல்பூரில் முதல் குழு உருவானபோது அது வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கும் ஆங்கிலோ-இந்தியப் பிள்ளைகளுக்கும் உரியதாக இருந்தது. இந்தியச் சிறுமிகளுக்குக் கதவு திறக்க 1916 வரை ஆயிற்று. மறு ஆண்டு, 1917இல், இலங்கையின் முதல் குழு கண்டி பெண்கள் உயர்தரப் பாடசாலையில் அமைந்தது. அதாவது மலைநாட்டின் தலைநகரில்தான் இந்த நாட்டுச் சாரணியமே பிறந்தது. கண்டியிலிருந்து நாவலப்பிட்டி வழியாகக் கினிகத்தேனைக்குப் பஸ்ஸில் வந்துவிடலாம். சாரணியம் அந்தத் தூரத்தை எந்த வடிவில் கடந்தது என்பதுதான் கேள்வி. ஒரு மிஷன் பாடசாலையின் மாணவிக் குழுவாகப் பிறந்தது, பாடசாலைகளின் மாணவிக் குழுவாகவே பரவியது. நகரத்துக்கு அந்த வடிவம் பொருந்தியது.

தோட்டத்துக்கு ஏன் பொருந்தவில்லை என்பதைப் பத்து என்ற எண்ணை வைத்துப் பார்த்தால் விளங்கும். 1907ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கக் கிராமியப் பாடசாலைகள் சட்டம், தோட்டத்திலுள்ள ஆறு முதல் பத்து வயது வரையான பிள்ளைகளுக்குக் கல்வி வசதி செய்து கொடுக்கும் பொறுப்பைத் துரைமார் தலையில் வைத்தது. பத்துக்குப் பிறகு என்ன என்று சட்டம் கேட்கவில்லை. கொழுந்து மலை கேட்டுக்கொண்டது. சட்டம் மறைந்து எத்தனையோ காலமாகிவிட்டது. 1977க்குப் பிறகு தோட்டப் பாடசாலைகள் படிப்படியாக அரசாங்கத்தின் கைக்கு வந்தன. ஆனாலும் அந்தக் கோடு கட்டடங்களில் தங்கிவிட்டது. தோட்டத்துக்குள் இருக்கும் பாடசாலைகளில் கணிசமானவை இன்றும் ஐந்தாம் தரத்தோடு முடிகிற ஆரம்பப் பாடசாலைகள்தான். ஆறாம் தரத்துக்குப் பிள்ளை வேறு பாடசாலைக்கு, பெரும்பாலும் வேறு ஊருக்கு, பஸ் ஏற வேண்டும். சாரணியத்தில் சின்னஞ்சிறு பிரிவிலிருந்து சாரணியர் பிரிவுக்கு ஏறுவதும் பத்து வயதையொட்டித்தான். எந்த வயதில் இயக்கம் ஒரு சிறுமியைக் கைநீட்டி மேலே தூக்க வேண்டுமோ, சரியாக அதே வயதில் அவள் பழைய பாடசாலையையும் அதன் குழுவையும் பொறுப்பாசிரியையையும் விட்டுப் போகிறாள். புதிய பாடசாலையில் குழு இருந்தாலும், அது கூடுவது பாடசாலை விட்ட பிறகு அல்லது சனிக்கிழமை. பாடசாலை விட்டதும் டிவிசனுக்குப் போகும் பஸ்ஸைத் தவறவிட்டால் அடுத்த பஸ் எப்போது என்பது மலைநாட்டில் வாழ்கிறவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சனிக்கிழமை அம்மா மலைக்குப் போயிருந்தால் தம்பி தங்கையைப் பார்ப்பது அவள் வேலை. ஆர்வக் குறைவு, பெற்றோரின் அறியாமை என்று கூட்டங்களில் சொல்லப்படும் காரணங்களை நான் நம்பாததற்கு இதுதான் காரணம். கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்தப் பிள்ளை வராமலிருப்பதுதான் நியாயமாகத் தெரிகிறது.

அப்படியானால் மாற வேண்டியது அமைப்பின் அடித்தளம். குழு பாடசாலையில் இருக்கட்டும். அதன் அணிகள் டிவிசனில் இருக்க வேண்டும். இது இயக்கத்துக்குப் புதிய சிந்தனையும் அல்ல. குழு எட்டாத இடங்களில் இருந்த பிள்ளைகளுக்காகத் தபால் மூலம் நடத்தப்பட்ட தனிச் சாரணியர் முறை இங்கிலாந்தில் ஆரம்ப காலத்திலிருந்தே இருந்தது. பாடசாலைக்கு வெளியே ஊரைச் சேர்ந்து இயங்கும் திறந்த குழுக்கள் உலகெங்கும் உண்டு. சாரணியத்தின் உண்மையான அலகு அணிதான்: ஆறு முதல் எட்டுப் பிள்ளைகள், அவர்களே தெரிவுசெய்த ஓர் அணித்தலைவி. ஆறேழு சிறுமிகள் எந்த லயத்திலும் கிடைப்பார்கள். இந்த அணி முறையில் இன்னொரு விஷயமும் அடங்கியிருக்கிறது. கொழுந்து பறிப்பவர்கள் பெண்கள், அவர்களை மேய்ப்பவர் கங்காணி, எடை பார்த்துக் கணக்கெழுதுகிறவர் கணக்கப்பிள்ளை. இருவரும் பெரும்பாலும் ஆண்கள். தொழிற்சங்கங்களிலும் சந்தாவில் பெரும்பகுதி பெண்களுடையது, மேடை ஆண்களுடையது. 1930களில் ஹட்டனை மையமாக வைத்து இயங்கிய தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யரின் மனைவி மீனாட்சி அம்மாள் தோட்டம் தோட்டமாகப் பாடிப் பேசி ஆள் திரட்டியது நம் வரலாற்றில் உண்டு. ஆனால் அது விதிவிலக்கென்றே நினைவுகூரப்படுகிறது என்பதும் அதே வரலாறு. தன்னைப் போன்ற ஏழு பேர் வாக்களித்துத் தலைமை தருவதும், அடுத்த ஆண்டு அதை இன்னொருத்தியிடம் ஒப்படைப்பதும் பதினொரு வயதில் ஒரு சிறுமிக்கு வாய்த்தால், அது தோட்டத்து நிர்வாக ஒழுங்கில் எங்குமே கிடைக்காத அனுபவம். பிரட்டுக்களத்தில் அவள் பார்த்ததெல்லாம் மேலிருந்து வந்த பெயர் வாசிப்புத்தான்.

இடம் மாறினால் செயற்பாடும் தானாக மாறும். பாடசாலை மைதானத்தில் நடக்கிற சாரணியத்துக்கு அணிவகுப்பும் கூடாரமும் போதும். டிவிசனில் நடக்கிற சாரணியத்துக்கு மழை இருக்கிறது. கினிகத்தேனைக்குப் பக்கத்து வட்டவளை நாட்டின் அதிக மழை பெறும் இடங்களில் ஒன்று. ஆண்டுக்கு 5000 மில்லிமீற்றருக்கு மேல் கொட்டுகிறது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கைக்குச் சில எளிய அளவுகளை வைத்திருக்கிறது: 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் விழிப்பு, 100 ஆனால் ஆயத்தம், 150 ஆனால் வெளியேற்றம். இந்த மூன்று எண்களையும் தெரிந்துகொண்டு, நேரான சுவருள்ள ஒரு போத்தலையும் அடிமட்டத்தையும் வைத்துக் காலை மாலை மழையளந்து, பிள்ளைக் காம்பரா (குழந்தைகள் காப்பகம்) சுவரில் எழுதிவைக்க ஒரு சாரணியர் அணியால் முடியும். ‘தயாராக இரு’ என்பது இயக்கத்தின் தாரக மந்திரம். இங்கே அதற்கு மில்லிமீற்றரில் அர்த்தம் உண்டு. ‘எச்சரிக்கை விடுவது அரசாங்கத்தின் வேலை, பிள்ளைகளின் தலையில் அதைக் கட்டுவதா?’ என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியபோது, அந்த இடம் ஆபத்தானது என்ற எச்சரிக்கை 2005இலும் 2011இலும் கொடுக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. அறிவிப்பு இருந்தது; காகிதத்திலிருந்து லயத்துக்கு அதை இறக்க ஆள் இருக்கவில்லை. சாரணியர் அணி அரசாங்கத்தின் பொறுப்பைக் குறைக்காது. நேற்று எவ்வளவு பெய்தது என்ற எண்ணைக் கையில் வைத்திருக்கும் லயம், ‘ஏன் இன்னும் எங்களை இடம் மாற்றவில்லை?’ என்று கேட்கும் குரலில் பலம் கூடும், அவ்வளவுதான். உணவு விஷயமும் இப்படியே. 2016இன் குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுவதும் 17 சதவீதமளவில் இருக்க, தோட்டப்புறத்தில் அது 32 சதவீதத்தையொட்டி இருந்தது. உலகப் பெண் சாரணியர் சங்கம் பதின்ம வயதுப் பெண்களின் போஷாக்கைப் பற்றி நடத்திய திட்டத்தில் இலங்கையும் இடம்பெற்றது. அப்படியான திட்டம் எந்தப் பிள்ளைகளுக்கு முதலில் போய்ச் சேர வேண்டுமோ அவர்கள் பாடசாலைக் குழுவில் இல்லையென்றால், கையேடு எவ்வளவு நல்லதாக இருந்தும் என்ன பயன்?

எதிர்ப்புகளில் கனமானது, இந்த இயக்கமே ஏகாதிபத்தியத்தின் பிள்ளை என்பது. மறுக்க முடியாது. 1912இல் வெளிவந்த முதல் கைநூலின் தலைப்பிலேயே, சிறுமிகள் சாம்ராஜ்யத்தைக் கட்டியெழுப்ப உதவுவது எப்படி என்ற விஷயம் இருந்தது. தேயிலையும் அதே சாம்ராஜ்யத்தின் செடிதான், பாடசாலையும் அதன் சட்டத்தில் வந்ததுதான் என்று சொல்லி இதை எளிதாகக் கடந்துவிடலாம். ஆனால் அது முழுப் பதில் ஆகாது. ஏனென்றால் சிக்கல் பிறப்பில் மட்டும் இல்லை, வாக்குறுதியிலும் இருக்கிறது. சாரணியர் கடவுளுக்கும் நாட்டுக்கும் கடமை செய்வதாக வாக்களிக்கிறார்கள். 1948இன் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்துக்குப் பிறகு, ஒரு தோட்டத்துச் சிறுமி எந்த நாட்டை மனதில் வைத்து அந்தச் சொற்களைச் சொல்லியிருப்பாள்? 1964இன் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் அவள் குடும்பத்தை எண்ணிக்கையாக்கி இரு நாடுகளுக்கும் பங்கு பிரித்தது. நாடற்றவர் பிரச்சினையை முடிக்க 2003 வரை சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. அரை நூற்றாண்டு காலம், வாக்குறுதி கேட்ட நாடு பதிலுக்கு வாக்குறுதி எதுவும் கொடுக்கவில்லை. இதைச் சொல்லாமல் மலையகத்தில் சாரணியம் பேசுவது நேர்மையல்ல. அதே சமயம் வாக்குறுதியின் சொற்கள் கல்லில் வெட்டியவை அல்ல என்பதையும் பார்க்க வேண்டும். இயக்கம் பிறந்த இங்கிலாந்திலேயே 2013இல் கடவுள் என்ற சொல்லை எடுத்துவிட்டார்கள். நாடு என்று இருந்த இடத்தில் சமூகம் என்று போட்டார்கள். அதை நாமும் அப்படியே செய்ய வேண்டும் என்பதல்ல. நம் தாய்மார் கடவுளை எடுக்க விடவும் மாட்டார்கள். ஆனால் டிவிசனில் கூடுகிற அணிக்கு, நாட்டுக்குச் செய்யும் கடமை தன் லயத்திலிருந்து தொடங்குகிறது என்று விளங்கவைப்பது பாடசாலை மைதானத்தில் விளங்கவைப்பதைவிட எளிது.

இன்னொரு எதிர்ப்பு புதியது. பிரித்தானியச் சாரணர் சங்கம் பெண்களையும் சேர்ப்பதை 2007இல் எல்லாக் குழுக்களுக்கும் கட்டாயமாக்கியது. அமெரிக்க ஆண் சாரணர் அமைப்பு 2019இல் தன் முக்கியப் பிரிவில் சிறுமிகளுக்கு இடம் கொடுத்து, பிறகு பெயரையே மாற்றிக்கொண்டது. பெண்களுக்குத் தனி இயக்கம் இனி எதற்கு? பெண் தலைமை சாதாரணமாகிவிட்ட இடங்களில் இந்தக் கேள்விக்கு வலு உண்டு. கங்காணியும் தொழிற்சங்கத் தலைவரும் பெரும்பாலும் ஆணாகவே இருக்கிற இடத்தில் பையன்களோடு சேர்ந்த அணியில் தலைமை யாரிடம் போகும் என்பதை ஊகிக்கப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம். பெற்றோரின் பயமும் இதில் சேர்கிறது. பிள்ளையை இரவு தங்கும் பாசறைக்கு அனுப்பத் தயங்கும் தாயிடம், பக்கத்து லயத்துக்கு ஆறு தோழிகளோடு போய் மழை அளந்து வருவதற்கு அனுமதி கேட்டால் அது வேறு கேள்வி. சீருடைச் செலவு என்பதை நான் பெரிய தடையாக எண்ணவில்லை. ஒரு கழுத்துத் துணியும் சின்னமும் முதல் ஆண்டுக்குப் போதும்.

எனக்கே முழுப் பதில் தெரியாத எதிர்ப்பு ஒன்று மிச்சம்: யார் நடத்துவது? பாடசாலைக் குழு ஓர் ஆசிரியையின் தோளில் நிற்கிறது. அவருக்கு இடமாற்றம் வந்தால் பதிவேடு அலுமாரியில் தூங்கும். டிவிசனில் அந்த ஆசிரியைகூட இல்லை. பிள்ளைக் காம்பராவைப் பொறுப்பாகப் பார்க்கிற பெண் இருக்கிறார். உயர்தரம் எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கிற அக்காமார் இருக்கிறார்கள். கொழும்புக் கடைகளுக்கும் ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் போய்த் திரும்பியவர்கள் இருக்கிறார்கள். இவர்களுக்குப் பயிற்சி கொடுத்து, பஸ் காசும் கொடுத்து, பொறுப்பாளர் என்று எழுத்தில் அங்கீகரிக்க மாவட்டச் சங்கம் முன்வர வேண்டும். தன்னார்வம் என்ற சொல்லைச் சொல்லி, நாட்சம்பளக்காரக் குடும்பத்துப் பெண்ணிடம் சனிக்கிழமையை இலவசமாகக் கேட்பது சரியில்லை. அந்தப் பஸ் காசை எந்தக் கணக்கில் எழுதுவது என்ற விஷயம் வந்தால் தோட்ட நிர்வாகமும் சேமநல உத்தியோகத்தரும் பேச்சுக்குள் வருவார்கள். அவர்களைப் பற்றி அடுத்த வாரம்.