ஆபரேஷனுக்குப் பிறகு வாந்தியா? மணிக்கட்டில் ஒரு வழி

தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ, ராசா மிராசுதார் மருத்துவமனையிலோ உங்கள் வீட்டில் ஒருவருக்கு அறுவை சிகிச்சையா? ‘வலி தாங்குவாரா’ என்றுதான் முதலில் கவலைப்படுவோம். மயக்கம் தெளிந்ததும் வரும் குமட்டலைப் பலர் நினைப்பதில்லை. 10 பேரில் சுமார் 3 பேருக்கு இது வருகிறது. வாந்தி எடுத்தால் தையல் இழுக்கும், உடம்பில் நீர் குறையும், வீடு திரும்புவதும் தாமதமாகலாம்.

யாருக்கு அதிகம்?

பெண்கள், புகைபிடிக்காதவர்கள், முந்தைய ஆபரேஷனில் வாந்தி எடுத்தவர்கள், மார்ஃபின் போன்ற வலி மருந்து பெறுபவர்கள். ‘பஸ்ஸில் ஏறினாலே எனக்கு வாந்தி வந்துடும்’ என்பவர்களும் இதில் அடக்கம். மயக்க மருந்து டாக்டரிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

எந்த இடம்?

அக்குபஞ்சரில் இது ‘பி6’ புள்ளி. உள்ளங்கை மேலே தெரிய கையை நீட்டுங்கள். மணிக்கட்டு ரேகையிலிருந்து முழங்கை பக்கமாக மூன்று விரல் அகலம் தள்ளி, இரண்டு தசைநாண்களுக்கு நடுவே உள்ளது. அங்கே ஊசி குத்தலாம், விரலால் அழுத்தலாம், குமிழ் வைத்த பட்டையும் கட்டலாம்.

பலன் உண்டா?

7,667 பேர் பங்கேற்ற 59 ஆய்வுகளை காக்ரேன் அமைப்பு 2015இல் தொகுத்துப் பார்த்தது. போலிச் சிகிச்சையை விட இது குமட்டலையும் வாந்தியையும் குறைத்தது. வாந்தி தடுப்பு மருந்துகளோடு ஒப்பிட்டபோது பெரிய வித்தியாசம் தெரியவில்லை. பக்கவிளைவுகளும் லேசானவையே. ஆனாலும் எல்லோருக்கும் வாந்தி நின்றுவிடும் என்று அர்த்தமில்லை.

கவனிக்க வேண்டியவை

• டாக்டர் தரும் மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். இது துணை மட்டுமே.
• ஊசி என்றால் முறையாகப் படித்தவரிடம் மட்டும். இயற்கை மருத்துவப் பட்டப்படிப்பில் (பி.என்.ஒய்.எஸ்.) அக்குபஞ்சரும் பாடம். மருத்துவமனையில் யோகா, இயற்கை மருத்துவப் பிரிவு இருந்தால் அங்கே விசாரியுங்கள்.
• டிரிப்ஸ் ஏறும் கை, டயாலிசிஸ் இணைப்பு உள்ள கை, காயம்பட்ட கை ஆகியவற்றில் அழுத்தவோ பட்டை கட்டவோ வேண்டாம்.
• ‘நீராகாரம்தானே, சோறு இல்லையே’ என்று ஆபரேஷன் அன்று காலையில் கொடுத்துவிடாதீர்கள். அதில் பருக்கை இருக்கும். மயக்கத்தில் அது நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. டாக்டர் சொன்ன நேரத்திலிருந்து வயிறு காலியாக இருக்கட்டும்.

வீடு திரும்பிய பிறகும் வாந்தி நிற்கவில்லையா, தண்ணீர்கூடத் தங்கவில்லையா? புள்ளியை அழுத்திக்கொண்டு காத்திருக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அவசரத்துக்கு 108, ஆலோசனைக்கு 104.