முதல் நாளே தீர்ப்பு!

1995 ஜனவரி 24. லாஸ் ஏஞ்சல்ஸ் கோர்ட்டில் கேமரா ஓட, அமெரிக்காவே டி.வி. முன்னால்!

முன்னாள் ஃபுட்பால் ஹீரோ ஓ.ஜே. சிம்ப்சன் மீது இரட்டைக் கொலை வழக்கு. செத்தவர்கள், விவாகரத்தான மனைவி நிக்கோல், அவருடைய நண்பர் ரொனால்டு கோல்ட்மேன். அரசு வக்கீல் டார்டன், சிம்ப்சன் மனைவியை அடித்த கதையைச் சொன்னார். மார்ஷியா கிளார்க், ரத்தம், டி.என்.ஏ. என்று அடுக்கினார். 'ஆள் காலி!' என்றது ஒரு கூட்டம். மறுநாள் ஜானி காக்ரன் எழுந்து போலீஸ் விசாரணையையே கிழித்தார். 'பார்த்தியா, நான் அப்பவே சொன்னேன்ல!' என்றது இன்னொரு கூட்டம்.

தொடக்க உரை சாட்சியமே இல்லை சார். 'இதை நிரூபிக்கப் போறேன்' என்கிற முன்னுரை, அவ்வளவுதான். நம்ம பி.காம். பாஷையில், வெறும் பட்ஜெட். வவுச்சர் ஒன்றுகூட வரவில்லை, அதற்குள் ஆடிட் முடித்துக் கையெழுத்தும் போட்டாச்சு!

நிஜத்தில் வக்கீல்கள் யாரையும் மாற்றவில்லை. 1994 கருத்துக் கணிப்புகளிலேயே வெள்ளையரில் பெரும்பாலோர் 'குற்றவாளி', கறுப்பரில் பெரும்பாலோர் 'இல்லை' என்றுதான் இருந்தார்கள். 1991-ல் ரோட்னி கிங் என்ற கறுப்பரை அதே ஊர் போலீஸ் துவைத்தெடுத்ததை வீடியோவில் நாடே பார்த்தது. 1992-ல் ஜூரி அந்தப் போலீஸ்காரர்கள் ஒருவரையும் தண்டிக்கவில்லை. அப்புறம் போலீஸ் எடுத்த ரத்த சாம்பிளை எப்படி நம்புவான்?

1995 அக்டோபர் 3. எட்டு மாதத்துக்கு மேல் கேட்டதை, நாலு மணி நேரத்துக்குள் பேசி முடித்து 'குற்றவாளி இல்லை' என்றது ஜூரி. அன்றும் ஒரு பக்கம் கைதட்டல், ஒரு பக்கம் கண்ணீர்.

கோல்ட்மேனுக்கு வயது 25. நிக்கோலின் அம்மா ஓட்டலில் மறந்துவிட்டுப் போன மூக்குக்கண்ணாடியைக் கொடுக்கத்தான் அந்த ராத்திரி அங்கே போனார்.