படமும் காட்டும், உயிரும் காக்கும்!

பொம்மையார்பாளையம், புதுச்சேரிக்கு வடக்கே உள்ள மீனவர் ஊர். விழுப்புரம் மாவட்டத்தைச் சேர்ந்தது. இப்படிப்பட்ட கடலோர ஊர்களிலும் இன்று செல்போன் வந்துவிட்டது. சினிமா, பாட்டு, விளையாட்டு எல்லாம் கைக்குள்ளே!

இன்டர்நெட் பொழுதுபோக்குக்கு மட்டும்தானா? இல்லை. உயிர் காக்கவும் அது உதவும்.

எப்படி?

1998-ம் ஆண்டு, எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரிக் கிராமங்களில் கம்ப்யூட்டர் நிலையங்களை அமைக்கத் தொடங்கியது. அலை எவ்வளவு உயரம் எழும் என்ற விவரம் அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் வரும். நிலையத்தார் அதை எடுத்து, வீராம்பட்டினம் மீனவர்களுக்கு ஒலிபெருக்கியில் தமிழில் சொன்னார்கள்.

நல்லவாடு என்ற ஊரிலும் இப்படி ஒரு நிலையம் இருந்தது. 2004 டிசம்பர் 26. சுனாமி வந்த நாள். அந்த ஊர் வாலிபர் ஒருவர் சிங்கப்பூரில் வேலை பார்த்தார். டெலிவிஷனில் செய்தியைப் பார்த்தார். பதறிப்போய் வீட்டுக்குப் போன் செய்தார். "ஊரை எச்சரியுங்கள்" என்றார்.

ஊரார் ஓடினார்கள். நிலையத்தின் கதவை உடைத்தார்கள். ஒலிபெருக்கி அலறியது. சுமார் 3,600 பேர் உயிர் பிழைத்தார்கள். வீடுகளும் படகுகளும் போயின. உயிர் ஒன்றுகூடப் போகவில்லை!

இன்று அலை, காற்று நிலவரத்தை ஐதராபாத்தில் உள்ள மத்திய அரசின் கடல் தகவல் மையமே இணையதளத்தில் வெளியிடுகிறது. படம் பார்க்கும் அதே போனில் அதையும் பார்க்கலாம்.

படகைத் தள்ளுமுன் ஒரு நிமிடம் பாருங்கள். சினிமா நாளைக்கும் ஓடும். கடலுக்குப் போனவர் கரை திரும்பினால்தானே வீட்டில் அடுப்பு எரியும்!