கழுத்தில் 'சொடக்கு' எடுப்பவரா? மண்டை ஓடும் முதுகெலும்பும் சேரும் இடம் தளர்வது ஏன்?

முடி வெட்டி முடித்ததும் தலையை இரண்டு கையாலும் பிடித்து 'டக் டக்' என்று திருப்பி விடுவது நம்ம ஊர் சலூன்களில் பல காலமாக நடக்கும் விஷயம். பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் ஆவது இல்லை. ஆனால் கழுத்தின் உச்சியில் உள்ள மூட்டு ஏற்கனவே தளர்ந்து போனவராக இருந்தால், அந்த ஒரு திருப்பிலேயே கை, கால் செயல் இழந்து போகலாம். மூட்டு தளர்ந்து இருப்பது பல பேருக்கு தெரிவதே இல்லை என்பதுதான் சிக்கல்.

ஒரே ஒரு நார்

கழுத்தில் 7 எலும்புகள் உள்ளன. முதல் எலும்பு ஒரு வளையம். சுமார் 5 கிலோ எடை உள்ள தலை இதன் மேல்தான் உட்கார்ந்து இருக்கிறது. 2-வது எலும்பில் இருந்து ஒரு முளை கிளம்பி, அந்த வளையத்துக்குள் நிற்கும். திருகையில் நடு முளையை சுற்றி மேல்கல் சுழலுமே, அதே மாதிரிதான். தலையை திருப்புவதில் ஏறக்குறைய பாதி இந்த இடத்தில்தான் நடக்கிறது.

முளை பின்னால் சாயாமல் பிடித்து வைத்து இருப்பது, குறுக்கே கட்டிய ஒரு நார். அதற்கு பின்னால் தண்டுவடம். மூச்சு விடுவதற்கான உத்தரவு மூளையில் இருந்து இந்த வழியாகத்தான் இறங்குகிறது. நார் அறுந்தாலோ, முளை உடைந்தாலோ வளையம் நழுவி தண்டுவடம் நசுங்கும். பெரியவர்களுக்கு முளைக்கும் வளையத்துக்கும் நடுவே 3 மில்லி மீட்டருக்கு மேல் இடைவெளி தெரிந்தால் டாக்டர்கள் உஷாராகி விடுவார்கள்.

விபத்து மட்டும் அல்ல

பைக் விபத்து, மரத்தில் இருந்து விழுவது, தண்ணீர் குறைவான கிணற்றில் தலைகீழாக குதிப்பது ஆகியவை எல்லோருக்கும் தெரிந்த காரணங்கள். 2-வது எலும்பு இரண்டு பக்கமும் உடைவதற்கு 'தூக்கு போடுபவர் முறிவு' என்றே டாக்டர்கள் பெயர் வைத்து இருக்கிறார்கள். அடிபட்டவரை தலை தொங்க தூக்கி ஆட்டோவில் திணிப்பது ஆபத்து. 108 வரும் வரை தலையும் கழுத்தும் ஆடாமல் பிடித்துக் கொண்டாலே பெரிய உதவி.

அடியே படாமலும் மூட்டு தளரும். கை விரல் மூட்டுகளை வீங்க வைக்கும் முடக்குவாதம், வருஷக்கணக்கில் நீடித்தால் இந்த நாரையும் அரித்து விடுகிறது. இப்படிப்பட்டவர்கள் வேறு எந்த ஆபரேஷனுக்கு போனாலும் மயக்க டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். மூச்சுக்குழாய் போடும்போது கழுத்தை பின்னால் சாய்ப்பார்கள்.

காசநோய் நுரையீரலுக்கு மட்டும்தான் வரும் என்பது தப்பு. இந்த மூட்டிலும் வரும். படுக்கையில் இருந்து எழும்போது சிலர் தலையை இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டே எழுவார்கள். பார்ப்பவர்கள் 'என்னப்பா நடிப்பு' என்பார்கள். நடிப்பு அல்ல, தலை நிற்காது என்ற பயம். நோயை சீக்கிரம் கண்டுபிடித்தால் பலருக்கு மாத்திரையும் கழுத்துப் பட்டையுமே போதும். காசநோய் மாத்திரை அரசு ஆஸ்பத்திரியில் இலவசம்.

குழந்தைகளுக்கு தொண்டையில் சீழ் வைத்த பிறகு கழுத்து ஒரு பக்கமாக திருகிக்கொள்வது உண்டு. 'சுளுக்கு' என்று நீவி விட தூக்கிக்கொண்டு ஓடக்கூடாது. டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகளுக்கு பிறவியிலேயே நார் தளர்வாக இருக்கலாம். சிலருக்கு முதல் எலும்பு மண்டை ஓட்டோடு ஒட்டியே பிறக்கும். கட்டை கழுத்து என்று கிண்டல் செய்வார்களே, அதில் சிலருக்கு இதுதான் விஷயம். இவர்கள் தலையில் மூட்டை சுமக்கும் வேலைக்கு போனால் தொல்லை கூடும்.

செருப்பு கழன்றால்...

பிடரி வலியோடு விரல் மரத்துப்போவது, சட்டை பட்டன் போட வராமல் போவது, நடை தள்ளாடுவது, காலில் இருந்து செருப்பு கழன்றதே தெரியாமல் நடப்பது இதெல்லாம் தண்டுவடம் நசுங்குவதன் அறிகுறி. உடனே எலும்பு அல்லது நரம்பு டாக்டரிடம் போக வேண்டும்.

மூட்டு மிகவும் தளர்ந்தவர்களுக்கு திருகு வைத்து இரண்டு எலும்பையும் சேர்த்து பிணைக்கிறார்கள். இன்று பல நாடுகளில் செய்யப்படும் ஒரு முறையை, மும்பை கே.இ.எம். ஆஸ்பத்திரி டாக்டர் அதுல் கோயல் 1988-ல் செய்யத் தொடங்கி, 1994-ல் வெளியிட்டார். உயிர் பயம் குறையும். ஆனால் தலை பழையபடி திரும்பாது. வண்டி ஓட்டுபவர் பின்னால் வருவதை பார்க்க வேண்டும் என்றால் உடம்போடு சேர்ந்துதான் திரும்ப வேண்டும்.