சிறு மோதலும் காப்பீட்டுக் கணக்கும்

வாரச்சந்தை கூடும் நாளில் வீரசோழனுக்குள் கார் ஓட்டிச் செல்வோர்க்குப் பொறுமை வேண்டும். ஆடு ஏற்றிவரும் சரக்கு வேன்களும் இருசக்கர வாகனங்களும் நெருக்கும் இடத்தில் பம்பர் நசுங்குவதும் கதவில் கீறல் விழுவதும் இயல்பு. உடனே ஒரு கேள்வி எழும்: இதைக் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவிப்பதா, கைக்காசைச் செலவிட்டு முடித்துக்கொள்வதா?

இதற்குள் இரண்டு கேள்விகள் அடங்கியுள்ளன. நம் காரின் சேதத்துக்கு இழப்பீடு கோருவது ஒன்று. பிறருக்கு நேர்ந்த பாதிப்பைத் தெரிவிப்பது மற்றொன்று. முன்னது கணக்கு, பின்னது கடமை.

முதலில் கணக்கைப் பார்ப்போம். இழப்பீடு கோராத ஆண்டுகளுக்கு 'நோ கிளைம் போனஸ்' என்னும் தள்ளுபடி கிடைக்கிறது. முதலாண்டு முடிவில் 20 விழுக்காடு. பின்னர் 25, 35, 45 என உயர்ந்து ஐந்தாம் ஆண்டு முடிவில் 50 விழுக்காட்டை எட்டும். இடையில் ஒருமுறை இழப்பீடு பெற்றால் தள்ளுபடி பூஜ்யத்துக்கு இறங்கிவிடும்.

சொந்தச் சேதப் பிரிவின் கட்டணம் ஆண்டுக்கு 10,000 ரூபாய் எனவும், அது மாறாது எனவும் கொள்வோம். 50 விழுக்காட்டுத் தள்ளுபடியில் இருப்பவர் இழப்பீடு பெற்றால், அடுத்த ஐந்தாண்டுகளில் கூடுதலாகச் செலுத்த வேண்டியவை முறையே 5,000, 3,000, 2,500, 1,500, 500 ரூபாய். வரி நீங்கலாக மொத்தம் 12,500 ரூபாய்.

கைக்கு வருவது எவ்வளவு? பம்பர் 5,000, வண்ணப்பூச்சு 2,400, கூலி 1,600 எனப் பட்டறைச் செலவு 9,000 ரூபாய் ஆகிறது என்க. பம்பர் பிளாஸ்டிக் பொருள்; அதன் விலையில் பாதி தேய்மானமாகக் கழியும். வண்ணப்பூச்சுச் செலவில் கால் பங்கு பொருளுக்கானதாகக் கருதப்பட்டு, அதிலும் பாதி கழிக்கப்படும். எஞ்சுவது 6,200. காப்பீடு பெற்றவரே ஏற்க வேண்டிய கட்டாயத் தொகை, 1,500 சிசி வரையிலான கார்களுக்கு 1,000 ரூபாய். ஆக, கிடைப்பது 5,200 ரூபாய்தான். அதற்காக 12,500 ரூபாயை இழப்பது அறிவுடைமை ஆகாது.

தள்ளுபடி ஏதும் இல்லாதவருக்கு இதே கணக்கில் இழப்பு 5,000 ரூபாய் மட்டுமே, அவர் கோரலாம். தேய்மானம் கழிக்காத 'ஜீரோ டெப்ரிசியேஷன்' இணைப்போ, போனஸைக் காக்கும் இணைப்போ பெற்றவர்களுக்குக் கணக்கு மாறும். அருப்புக்கோட்டைக்கோ மதுரைக்கோ காரைக் கொண்டுசென்று காத்திருக்கும் நாள்களின் மதிப்பையும் கிராமத்தார் இதில் சேர்க்க வேண்டும். பழைய கீறலையும் புதிய மோதலோடு சேர்த்துக் கோரிவிடலாம் என எண்ணுவது பயன் தராது. ஒவ்வொரு மோதலும் தனி நிகழ்வு, ஒவ்வொன்றிலும் கட்டாயத் தொகை கழியும்.

இதில் வருந்த ஏதுமில்லை. சிறு இழப்பைத் தானே தாங்கி, பேரிழப்பைக் காப்பீட்டிடம் ஒப்படைப்பதே உகந்தது என்பதைப் பொருளியலறிஞர் கென்னத் ஆரோ 1963-இல் எழுதிய கட்டுரையில் நிறுவினார். போனஸுக்காகச் சிறு இழப்புகளைக் கோராமல் விடும் போக்கைக் காப்பீட்டுக் கணிதத் துறையினர் 'போனஸ் பசி' என்பர்.

இப்பசி கடமையையும் விழுங்கும்போதுதான் தீங்கு தொடங்குகிறது. ஒருவர் காயமுற்றாலோ, பிறர் உடைமை சேதமடைந்தாலோ ஓட்டுநர் செய்ய வேண்டியவற்றை மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 134-ஆவது பிரிவு வரையறுக்கிறது. காயமுற்றவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்ய வேண்டும்; காவலர் அங்கு இல்லையெனில் 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் தெரிவிக்க வேண்டும்; காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும்.

நம்மூர் வழக்கமோ வேறு. நான்கு பேர் கூடிப் பேசி, ஒரு தொகையைக் கையில் கொடுத்து முடித்துவிடுகிறார்கள். நிறுவனத்தின் எழுத்துபூர்வ ஒப்புதலின்றிப் பொறுப்பை ஏற்பதும் பணம் தருவதும் கூடாது என்பது பாலிசியின் நிபந்தனை. "ஒன்றுமில்லை" என்று எழுந்து சென்றவருக்கு மறுநாள் எலும்பு முறிவு தெரியவந்து வழக்காகும்போது, அறிவிக்காமல் விட்டவர் இக்கட்டில் சிக்குவார்.

பலரும் அறியாத செய்தி ஒன்றுண்டு. போனஸ் என்பது சொந்தச் சேதப் பிரிவுக்கு மட்டுமே உரியது. மூன்றாம் நபருக்கு நிறுவனம் வழங்கும் இழப்பீட்டால் அது குறையாது. எந்த இழப்புக்கு அஞ்சி மறைக்கிறோமோ, அந்த இழப்பே அங்கு இல்லை.

அடிபட்ட ஆடும் பிறர் உடைமையே. தனியார் காருக்கான வழக்கமான பாலிசியில் பிறர் உடைமைச் சேதத்துக்கு 7.5 லட்சம் ரூபாய் வரை பொறுப்பேற்கப்படுகிறது. மழை பொய்க்கும் மானாவாரிச் சீமையில் ஆடுதான் குடும்பத்தின் சேமிப்பு. கார் வைத்திருப்பவருக்குக் காப்பீடு உண்டு. ஆட்டுக்காரருக்கு அந்தக் காரின் காப்பீடே துணை.

நம் பம்பருக்காகக் கணக்குப் பார்ப்போம். பிறர் காயத்துக்கும் உடைமைக்கும் கணக்குப் பாராமல் தெரிவிப்போம்.