தொப்புளைச் சுற்றி 14 ஊசி

பெரம்பூரில் ஐம்பதைத் தாண்டிய யாரிடமாவது நாய்க்கடி பற்றிப் பேச்செடுத்தால், தொப்புளைச் சுற்றிப் போட்ட 14 ஊசியில்தான் வந்து நிற்கும். அந்த மருந்துக்குள் ஆட்டு மூளை இருந்தது பலருக்குத் தெரியாது.

வெறிநோய்க் கிருமியை ஆட்டின் மூளையில் வளர்த்து, அரைத்து, ஃபீனால் சேர்த்துக் கிருமியைக் கொல்வார்கள். ஃபீனாலால் கிருமியைக் கொல்லும் இந்த முறையை 1911இல் கசௌலியில் டேவிட் செம்பிள் கண்டார். நம் குன்னூர் பாஸ்டர் நிறுவனமும் பல காலம் ஆட்டு மூளையிலிருந்து தடுப்பூசி தயாரித்தது. அது காப்பாற்றிய உயிர்கள் ஏராளம். ஆனால் ஊசி போட்ட சிலருக்குச் சில நாட்களில் கால் மரத்தது. சிலருக்குக் கை கால் விழுந்தே போனது.

காரணம் மயலின். நரம்பிழையைச் சுற்றியிருக்கும் கொழுப்புறை அது. உறையில் ஆங்காங்கே சிறு இடைவெளிகள். சின்ன ஸ்டேஷன்களில் நிற்காத ஃபாஸ்ட் லோக்கல் மாதிரி, செய்தி இடைவெளிக்கு இடைவெளி தாவும்; விநாடிக்கு 50 மீட்டரைக்கூடத் தாண்டும். உறையில்லாத மெல்லிய இழையில் அது சுமார் 1 மீட்டர்தான். ஆட்டு மயலினின் புரதமும் நம்முடையதும் கிட்டத்தட்ட ஒன்றே. ஆட்டுப் புரதத்தை எதிர்க்கக் கிளம்பிய உடல், சொந்த நரம்பையும் தாக்கிவிட்டது.

கிருமிக்கு இதில் பங்கில்லை. 1930களில் தாமஸ் ரிவர்ஸ், கிருமியே இல்லாத முயல் மூளைச் சாற்றைக் குரங்குகளுக்குத் திரும்பத் திரும்பச் செலுத்தினார்; அவற்றில் சில முடங்கின. 1987இல் தாய்லாந்தின் தீரவத் ஹேமசுதா குழுவினர், ஊசிக்குப்பின் நரம்பு பாதித்தவர்களின் இரத்தத்தில் மயலின் புரதத்துக்கு எதிரான எதிர்ப்பொருளையே அளந்து காட்டினார்கள்.

இரத்தத்தில் மயலினுக்கு எதிரான எதிர்ப்பொருள் இருக்கிறதா என்ற அதே கேள்வியை இன்றைய ஆய்வுக்கூடமும் கேட்கிறது. தடுப்பூசிக்குச் சம்பந்தமே இல்லாமல், வயதானவர்களுக்குப் பாதம் மெல்ல மெல்ல மரத்து நடை தள்ளாடும் ஒரு நோய் உண்டு. அதில் எதிர்ப்பொருள் குறிவைப்பது மயலினில் உள்ள ‘மாக்’ என்ற புரதத்தை. சோதனைக்கு 96 குழிகள் கொண்ட சின்னப் பிளாஸ்டிக் தட்டு போதும். குழியின் அடியில் மாக் ஒட்டியிருக்கும். நோயாளியின் இரத்தச் சீரத்தை நீர்க்கச் செய்து அதில் விட்டு, பிறகு கழுவுவார்கள். எதிர்ப்பொருள் இருந்தால் கழுவினாலும் போகாது. அதைப் பிடித்துக்கொள்ளும் நொதி சேர்த்த இன்னொரு எதிர்ப்பொருளை விட்டு, மறுபடி கழுவி, நிறப்பொருள் சேர்த்தால் குழி நீலமாகும். அமிலம் விட்டதும் மஞ்சள். மஞ்சள் எவ்வளவு அடர்த்தியோ, எதிர்ப்பொருள் அவ்வளவு. கண்ணுக்குத் தெரியாத உட்பகை ஒன்று இப்படி நிறமாக எழுந்து வருவதை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு வியப்புத் தீர்வதில்லை.

ஆனால் இந்தச் சோதனை காட்டும் அளவை மட்டும் வைத்து நோயைத் தீர்மானிக்க முடியாது. நரம்பில் செய்தி செல்லும் வேகத்தையும் அளந்து, நோயாளியை நடக்கவிட்டும் பார்க்க வேண்டும்.

ஆட்டு மூளை ஊசியின் உற்பத்தி 2004 இறுதியோடு இந்தியாவில் நின்றது. இப்போதைய ஊசி உயிரணு வளர்ப்பில் தயாராகிறது; அதைக் கையில்தான் போடுகிறார்கள். நாய் கடித்தால் உடனே சோப்பும் தண்ணீரும் விட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, தாமதிக்காமல் போய்ப் போட்டுக்கொள்ளுங்கள்.