செயற்கைக்கோள் இணைப்பில் காப்பு மாற்றம்

நன்னூலார் நூற்குற்றம் பத்தென வகுத்து, மிகைபடக் கூறலையும் கூறியது கூறலையும் அவற்றுள் அடக்கினார். செய்தித் தொடர்புப் பொறியியலிலோ இவ்விரண்டும் குணமாகக் கொள்ளப்பெறும். ஒரு கருவி போதுமான இடத்தில் இரண்டனை வைத்து, முன்னது பழுதுற்ற அளவில் பின்னதனைத் தானே பணியேற்கச் செய்வது அத்துறையினர் வழக்கம். இதனைக் காப்பு மாற்றம் என ஈண்டு வழங்குவாம். காப்புக் கருவி இருத்தலால் மட்டும் இணைப்பு நிலைபெறாது. பழுது யாண்டுளது எனத் தெளிதலும், அப்பழுது காப்பினைத் தீண்டாதிருத்தலும் வேண்டும். இதனைப் புதுவைக் கடற்கரை நிகழ்ச்சிகளொடு சார்த்தி விளக்குதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

புவிநிலைச் செயற்கைக்கோள் நிலநடுக்கோட்டிற்கு மேல் 35,786 கி.மீ. உயரத்தில் நிற்கின்றது. நிலத்தில் மோடம் என்னும் கருவி கணிப்பொறித் தரவினை வானலையின்மேல் ஏற்றி அனுப்பும். வரும் அலையினின்று தரவினைப் பிரித்தும் தரும். காப்புள்ள நிலையத்தில் இத்தகைய மோடம் இரண்டும் அவற்றிடையே ஒரு மாற்றியும் அமையும். வரும் அலை இரண்டிற்கும் பகிர்ந்தளிக்கப்படும். ஆதலின் காப்பு மோடம் உறங்குவதன்று. முதன்மை மோடத்தின் அமைப்புகளையே தானும் ஏற்று, கேட்டவண்ணம் விழித்திருக்கும். அனுப்பும் வாய் மட்டும் அடைக்கப்பட்டிருக்கும். என்னை? இரண்டும் ஒரே அலையெண்ணில் ஒருங்கே பேசின், ஒன்றன் செய்தியை மற்றொன்று சிதைக்கும் ஆகலின்.

பல மோடங்களுக்கு ஒரு காப்பினை வைக்கும் முறையும் உண்டு. அது செலவு குறைந்தது. ஆயின் பழுதுற்ற மோடத்தின் அமைப்புகளைக் காப்பில் ஏற்றிய பின்னரே மாற்றம் நிகழுமாதலின் காலம் மிகும். இரண்டாவது மோடமும் கெடின் காப்பார் இலர்.

இனி, மாற்றி எதனைக் கண்டு தீர்ப்பளிக்கும்? மின்வழங்கி நின்றுபோதல், அனுப்பும் அலையெண் நிலைகுலைதல் ஆகியன மோடத்தின் அகப்பழுதுகள். இவற்றிற்கு மாற்றம் தக்க மருந்தாம். வரும் அலையைப் பற்றவியலாமை அத்தகையதன்று. கனமழையால் அலை நலிந்திருக்கலாம். மறுமுனை நிலையமே நின்றிருக்கலாம். அப்பொழுது இரு மோடங்களும் ஒருங்கே செவிடாகும். நன்கமைந்த மாற்றி காப்பு மோடம் நலமாயுள்ளதா என முதற்கண் நோக்கும். அதுவும் அலையைப் பற்றாதாயின் இருந்தபடியே நிற்கும். சிறிது காலம் பொறுத்துத் தீர்மானிப்பதும் அதன் இயல்பாகும். அவ்வாறன்றி ஒவ்வோர் ஏற்றத்தாழ்விற்கும் மாறிமாறித் தாவுமாயின், காவலே கேடாய் முடியும்.

இதனால், காப்பு ஒருவகைப் பழுதிற்கே காப்பாம் என்பது பெறப்படும். மூலச்சுவடியையும் அதன் படியையும் ஒரே பேழையில் வைத்தவன், தீப்பற்றிய பொழுது இரண்டனையும் இழப்பான். மோடம் இரண்டாயினும் அலைவாங்கி ஒன்று, மின்னிணைப்பு ஒன்று, செயற்கைக்கோள் ஒன்று எனின் நிலைமை அதுவே. 1997 சூன் திங்களில் ஏவப்பெற்ற இன்சாட்-2டி அதே ஆண்டு அக்டோபரில் மின்பழுதால் செயலிழந்தது. அதனை நம்பிய நிலையங்களில் எத்துணைக் காப்பு மோடங்கள் இருந்தும் பயனில்லை. முன்னரே வானிலிருந்த அராப்சாட்-1சி என்னும் கோளை விலைக்குப் பெற்று, இன்சாட்-2டிடி எனப் பெயரிட்டு, இந்தியா அக்குறையை நிரப்பியது. ஈண்டு மாற்றப்பட்டது கோளேயாம்.

புதுவைக்கு இஃது ஏட்டளவினதாய செய்தியன்று. 2011 திசம்பர் 30-ஆம் நாள் தானே புயல் கடலூர்க்கும் புதுவைக்கும் இடையே கரை கடந்தபொழுது மரங்களும் மின்கம்பங்களும் பெருவாரியாகச் சாய்ந்தன. அத்தகைய நாளில் மோடத்திற்கு முன்னர் மின்சாரத்திற்கே காப்பு வேண்டும். எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-இல் இப்பகுதியில் தொடங்கிய ஊர்த் தகவல் மையங்கள் இதனை முன்னரே உணர்ந்திருந்தன. வில்லியனூரை நடுவாகக் கொண்ட அவ்வமைப்பில் தொலைபேசியொடு வானொலி இணைப்பும், பொது மின்சாரத்தொடு கதிரவன் மின்சாரமும் கலந்து பயன்பட்டன.

அம்மையங்களுள் ஒன்று நல்லவாட்டில் இருந்தது. 2004 திசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை பற்றிய எச்சரிக்கை, சிங்கப்பூரிலிருந்த அவ்வூரார் ஒருவரிடமிருந்து தொலைபேசி வாயிலாக வந்தது. ஊரார் பூட்டியிருந்த மையத்தை உடைத்துத் திறந்து, ஒலிபெருக்கியில் அறிவித்து, மக்களைக் கரையினின்று அகற்றினர். மூவாயிரத்திற்கு மேற்பட்டோர் உயிர் பிழைத்தனர். செய்தி வரும் வழி ஒன்று, ஊருக்குள் பரவும் வழி வேறொன்று; இரண்டனையும் இணைத்த மாற்றியாக நின்றவர் மக்களேயாவர்.

அப்பணியைக் கருவியிடம் ஒப்படைப்பதே பின்னர் எழுந்த முயற்சி. 2007-இல் ஐதராபாத்தில் ஆழிப்பேரலை முன்னெச்சரிக்கை மையம் அமைந்தது. நாட்டின் நிலநடுக்க நிலையங்கள் பலவற்றின் தரவு, செயற்கைக்கோள் வழியே புதுதில்லிக்கும் ஐதராபாத்திற்கும் ஒருங்கே செல்லுமாறு வகுக்கப்பட்டது. ஓரிடம் முடங்கினும் மற்றோரிடம் அறியும்.

இவற்றை நோக்குங்கால் ஒரு சொல்லாய்வும் வேண்டற்பாலதாகின்றது. இவ்வமைப்பினைக் கலைச்சொல்லாக்குவோர் மிகை என்னும் சொல்லால் குறிப்பின், வேண்டாதது என்னும் பொருளும் உடன்வரும்; செலவு சுருக்குவோர் முதலில் களைவதும் அதுவேயாகும். காப்பு என்பதே பொருந்தும் என்பது எம் கருத்து. ஆண்டு முழுவதும் பணியின்றி இருந்த கருவி ஒரு நாழிகைப் பணிக்காகவே வைக்கப்பட்டது என்பதனை அச்சொல் உணர்த்தும். அந்நாழிகையில் அது பணியேற்குமா என்பதனை இடையிடையே மாற்றிப் பார்த்து அறிதலே காப்புடையார் கடனாகும்.